முத்தையாவை எந்தச் சுவரில் மாட்டுவது

இலங்கையில் இறங்கிய முதல் நாளே, இவர்களைப் போல மரியாதை தெரிந்த ஜனங்கள் வேறெங்கும் கிடையாது என்று தீர்மானித்துவிட்டேன். இரண்டாம் நாள் சாயங்காலம் வரை அந்தத் தீர்மானத்தில் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் கையிலிருந்த பெரிய பொட்டலத்தைக் காட்டி என்னவென்று கேட்டார். படம் என்றேன். நானே வரைந்தது, விற்க இல்லை, ஒருவர் வீட்டில் கொடுக்கப் போகிறேன் என்றேன். அதை மேசைமேல் நிறுத்தி, தன் பக்கமாக மேல் மூலையைக் கொஞ்சம் கிழித்து உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் முகம் இளகிவிட்டது. "அப்பாவா?" என்று கேட்டார். இல்லை, தெரிந்தவர், பெரிய வாத்தியக்காரர் என்றேன். பக்கத்து மேசைக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். எனக்குப் பின்னால் நின்ற கொழும்புப் பெண் அதைத் தமிழில் சொன்னாள்: "பாவம், ரொம்ப தூரம் கொண்டு போகிறார், விட்டுவிடுங்கள் என்கிறார்." கிழித்த இடத்தை அவரே டேப் போட்டு ஒட்டி, இரண்டு கைகளாலும் எடுத்துக் கொடுத்தார். நம் ஊர் விமான நிலையத்தில் ஒரு டப்பா நார்த்தங்காய் ஊறுகாய்க்கு நான் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டேன்.

நான் மதுரையில் படம் வரைகிறவள். வாத்தியக்காரர்களைத்தான் அதிகம் வரைகிறேன். சங்கீதத்தைக் கண்ணால் கேட்கிறவள் என்று ஒரு பத்திரிகைக்காரர் என்னைப் பற்றி எழுதினார். அதெல்லாம் பெரிய பேச்சு. எனக்கு நாதஸ்வரக்காரர்களின் கன்னம் பிடிக்கும், தவில்காரர்களின் விரல் பிடிக்கும், அவ்வளவுதான். ஓட்டல் முதலாளிகள் வந்து தொந்தி வைத்த தவில்காரர் வேண்டும், பின்னால் கோபுரம் வேண்டும், சோபா நிறத்துக்கு ஒத்துவர வேண்டும் என்பார்கள். வரைந்து கொடுப்பேன். வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான். மிச்ச நேரத்தில் எனக்குப் பிடித்ததை வரைகிறேன்.

முத்தையா எனக்குப் பிடித்தவர். சில வருடங்களுக்கு முன் மதுரையில் ஒரு கிராமியக் கலைவிழாவுக்கு இலங்கையின் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து தப்புக் குழு வந்திருந்தது. நாங்கள் பறை என்பதை அவர்கள் தப்பு என்கிறார்கள். குழுவுக்குத் தலைவர் அவர். அறுபதைத் தாண்டிய ஒல்லி மனிதர். அடிக்கும்போது மட்டும் உயரமாகத் தெரிந்தார். நான் கீழே உட்கார்ந்து தாள் தாளாகக் கிறுக்கித் தள்ளினேன். ஆட்டம் முடிந்ததும் வந்து எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, நான் அடிக்கிறத நான் பாத்ததே இல்ல. போட்டோவுல பாத்தா கை அசையாம நிக்கிது. வீடியோவுல பாத்தா சர்ருன்னு போயிருது. கை அசையவும் வேணும், நான் நின்னு பாக்கவும் வேணும். அப்பிடி ஒண்ணு வரைய முடியுமா?" என்று கேட்டார்.

இத்தனை வருடத்தில் எந்த விமர்சகரும் என்னிடம் இவ்வளவு சரியாக ஒன்றைக் கேட்டதில்லை. வரைந்து, கொண்டுவந்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்த வலது கை என்னை உண்டு இல்லை என்று பண்ணியது. எப்படிப் போட்டாலும் குச்சி தோலில் ஒட்டிக்கொண்டு நின்றது. கடைசியில் முகத்தைத் தெளிவாக வைத்து, மணிக்கட்டிலிருந்து கீழே காவி நிறத்தை நனைந்த துணியால் இழுத்துவிட்டேன். அப்போதுதான் கை நகர்ந்தது.

படம் முடிகிற சமயத்தில் அவருடைய மகள் சசிகலா வாட்ஸப்பில் பேசி அனுப்பினாள். லுணுகலையில் துணிக்கடையில் வேலை பார்க்கிறவள். "அக்கா, அப்பாவுக்கு வயித்துல கட்டி. பதுளை பெரியாஸ்பத்திரில சேத்திருக்கோம். அடுத்த கிழமை ஆபரேசன்னு சொல்றாங்க. படம் முடிஞ்சிருச்சான்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. ஊட்டுக்குத் திரும்பி வரும்போது செவுத்துல இருக்கணுமாம்." கிழமை என்றால் அங்கே வாரம். நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் திரும்பி வருவதற்குள் படம் சுவரில் இருக்க வேண்டும். நான் கிளம்பிவிட்டேன்.

முடித்த படத்தை நான் மறுபடி பார்ப்பதில்லை. பார்த்தால் கை அரிக்கும், திருத்தப் போய்ப் பாழாகிவிடும். எங்கள் தெருவிலுள்ள பிரேம் கடையில் கொடுத்தேன். மலைநாட்டில் ஈரம் அதிகம், கண்ணாடி போடுங்கள், விமானத்துக்குத் தாங்குகிற மாதிரி கட்டிக் கொடுங்கள் என்றேன். மறுநாள் கட்டின பொட்டலமாகவே வாங்கிக்கொண்டேன்.

பதுளை ரயிலில் வெள்ளைக்காரர்களில் பாதிப் பேர் வாசலில் தொங்கிக்கொண்டு வந்தார்கள், மீதிப் பேர் அவர்களைப் படம் பிடித்தார்கள். வடை வடை என்று கூவிக்கொண்டு ஒருவர் கூடையோடு வந்தார். ஆசையாக வாங்கினேன். மேலே ஒரு இறால் உட்கார்ந்திருந்தது. எங்கள் ஊர் வடையில் ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் இவர்கள் இறாலை வைத்திருக்கிறார்கள். பத்தியம் பார்க்காமல் இரண்டு தின்றேன். மிளகாய் உச்சந்தலைக்கு ஏறியது.

பொட்டலத்தை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தியிருந்தேன். சுங்கக்காரர் ஒட்டிய டேப் மலைக்குளிரில் விட்டுக்கொண்டது. மூலை பிரிந்து தொங்க, நான் உள்ளே பார்க்காமலே அதை அழுத்திவிட, அது மறுபடி தொங்க, கடைசியில் விட்டுவிட்டேன். எதிரில் ஒரு சிங்களத் தம்பதி. அந்த அம்மாள் பிரிந்த மூலை வழியாகப் பார்த்துவிட்டுக் கணவரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். உடனே அவர் எழுந்து எனக்கு ஜன்னலோர இடத்தைக் கொடுத்தார். அம்மாள் பையிலிருந்து பிஸ்கட்டும் வாழைப்பழமும் எடுத்துக் கொடுத்து, என் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டார். ஒரு ஓவியருக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பதுளையில் குளிரும் என்று நினைத்துக் கம்பளிச் சட்டையோடு இறங்கினேன். சுற்றிலும் மலை, நடுவில் பள்ளம், பள்ளத்தில் புழுக்கம். தங்கிய விடுதிக்குக் கீழே கொத்து ரொட்டிக் கடை. இரண்டு தகடுகளும் கல்லில் விழுகிற சத்தத்தைக் கேட்டதும் மதுரைக்கே திரும்பிவிட்டது போல இருந்தது. எங்கள் மாஸ்டர் கொத்துகிறபோது ஆரம்பத்திலிருந்து ஒரே வேகம். இவர் மெதுவாகத் தொடங்கி, நடுவில் நிறுத்தி, ஆளைப் பார்த்துவிட்டு, அப்புறம் பிய்த்து உதறினார். ரொட்டியை விட அந்தக் கைக்காகத்தான் நான் இரண்டாவது தட்டு வாங்கினேன்.

மறுநாள் பசறை வழியாக மடுல்சீமை பஸ். உள்ளே நுழைந்ததும் பழைய தமிழ்ப் பாட்டு காதைக் கிழித்தது. உட்கார இடமில்லை. நடத்துனர் என் பொட்டலத்தை வாங்கி முன்னால் வைக்கப் போனவர், மேல் மூலை வழியாகப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டிரைவரிடம் போய்க் காதில் சொன்னார். பாட்டு நின்றுவிட்டது. கொழுந்துக் கூடையோடு இருந்த ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். பஸ்ஸில் அத்தனை பேரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. பாட்டு இருக்கட்டுமே, எனக்குப் பிடிக்கும் என்றேன். "பரவாயில்லைங்கம்மா" என்றார் நடத்துனர்.

ஒரு வளைவில் மண் சரிந்து பாதை பாதியாகக் கிடந்தது. ஆட்களை இறக்கி, வெறும் பஸ்ஸை நகர்த்தினார்கள். நாங்கள் நடந்தோம். இரண்டு ஆண்கள் கேட்காமலே என் பொட்டலத்தை வாங்கி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்கள். மெதுவாக, அலுங்காமல். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். அதில் ஒருவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். சேற்றுக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் நின்ற இடத்திலிருந்து ஆட்டோவில் மேற்கணக்குக்கு, அதாவது தோட்டத்தின் மேல் பிரிவுக்கு ஏறினேன். சசிகலா லயத்து வாசலில் நின்றாள். லயம் என்பது வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். முத்தையாவின் வீடு கடைசியில் இருந்தது. அவர் மனைவி லெட்சுமி அக்கா கொழுந்தெடுத்துவிட்டு வந்து, கை கால் கழுவி, எனக்காகத் தேங்காய் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். உரலில் இடித்த சம்பலும் பால் ஊற்றாத தேத்தண்ணியும் கொடுத்தார். பாலில்லாத தேநீரை மதுரையில் காய்ச்சல்காரர்களுக்குத்தான் கொடுப்போம். இங்கே குடித்தபோது, இத்தனை நாளும் நான் பாலைத்தான் குடித்திருக்கிறேன் என்று தோன்றியது.

"நல்லாருக்காரா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் பேசுறாரு. ராத்திரியில வலிக்கிதுங்கறாரு. நர்சுமாருக்கிட்ட அடுத்த கிழமையா அடுத்த கிழமையான்னு கேட்டுக்கிட்டு இருக்காராம்" என்றார் லெட்சுமி அக்கா. பேசிக்கொண்டே அடுப்பைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். பயந்திருக்கிறார் என்று தெரிந்தது.

அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலை அடைத்துக்கொண்டார்கள். முத்தையாவின் படத்தைப் பார்க்க. நான் பொட்டலத்தை நாற்காலியில் சாய்த்து, அட்டையைக் கழற்றி, நுரைத்தாளை உரித்தேன்.

சட்டத்தின் இரண்டு மேல் மூலைகளிலிருந்தும் சந்தனச் சீவல் மாலை ஒன்று இறங்கி முத்தையாவின் நெஞ்சு வரை தொங்கியது. கண்ணாடியின் மேல், நெற்றி வருகிற இடத்தில், சந்தனத்தைக் குழைத்து வைத்து அதன்மேல் குங்குமப் பொட்டு. கீழே தங்க நிறப் பட்டை. அதில் இடது பக்கம் 'தோற்றம்' என்றும் வலது பக்கம் 'மறைவு' என்றும் அச்சடித்து, தேதி எழுத இடம் விட்டிருந்தது.

நான் தலையைத் தூக்கினேன். எதிர்ச் சுவரில் முத்தையாவின் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். அதே போன்ற மாலை, அதே இடத்தில் பொட்டு. சுங்கக்காரர், ரயில் அம்மாள், பஸ்ஸின் மௌனம், செருப்பைக் கையில் பிடித்தவர், எல்லாம் ஒரு நொடியில் எனக்கு விளங்கியது.

லெட்சுமி அக்கா கத்தவில்லை. வந்தார், படத்தைத் தூக்கி, முகம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "இத வெளிய கொண்டு போயிருங்க."

நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தபோது சசிகலாவின் போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் முத்தையாவுக்குத் துணையாக இருந்த அவருடைய அண்ணன் மகன் பேசினான். நாளைக்குப் போட வேண்டிய ஆபரேஷன் ஒன்று தள்ளிப்போய்விட்டதாம். அந்த இடத்தில் முத்தையாவை எடுத்துக்கொள்கிறார்களாம். காலையிலேயே வீட்டுக்காரர்கள் வரவேண்டும்.

"படத்தத் தொறந்தோம், கூப்புட்டுட்டாங்க" என்று வாசலில் யாரோ சொன்னார்கள். மெதுவாகத்தான் சொன்னார்கள். எல்லோருக்கும் கேட்டது.

வெளியே போய் மதுரைக்குப் போன் போட்டேன். பிரேம் கடைக்காரர் நிதானமாகப் பேசினார். "வயசானவரு, தனிப் படம், அவசரம்னு கண்ணக் கசக்கிக்கிட்டு வந்தீங்க. நான் என்னத்தக் கண்டேன்? தேதி கேக்கப் போன் பண்ணினேன், எடுக்கல. மாலைக்குக்கூட நான் தனியா காசு வாங்கலக்கா." அவரைத் திட்ட முடியவில்லை. எங்கள் ஊரில் ஒரு கிழவரின் தனிப்படம் பிரேம் கடைக்கு வருகிறது என்றால் வேறு எதற்கு வரும்? பொட்டு வைப்பதும் மாலை போடுவதும் அவர் கைக்குத் தானாக வருகிற வேலை.

எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது என்று நாலு பேரிடம் சொல்லித் திரிகிறவள் நான். அன்று ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கமில்லை. முத்தையாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், மதுரைக்காரி ஒருத்தி அவர் உயிரோடு இருக்கும்போதே சாவுப்படத்தைச் சுமந்துகொண்டு வந்தாள் என்று இந்த லயம் உள்ள வரை சொல்வார்கள். சொல்வது இருக்கட்டும். ஒருவேளை அது உண்மையாகவே இருந்தால் என்ன செய்வது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அந்த அளவுக்குப் பயந்து போயிருந்தேன்.

காலையில் ஒரே ஆட்டோவில் பதுளைக்கு இறங்கினோம். படத்தை வீட்டில் விட அக்கா சம்மதிக்கவில்லை. என் மடியில்தான் வைத்துக்கொண்டேன். மலைப்பாதை முழுக்க அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சசிகலாதான் நடுவில் உட்கார்ந்து என் கையை அமுக்கினாள். ஆஸ்பத்திரி வாசலில் அவர்கள் இறங்கிக்கொண்டார்கள். மாலை போட்ட படத்தைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் எப்படிப் போவது? "நீங்க எங்கயாவது வச்சிட்டு வாங்கக்கா" என்றாள் சசிகலா.

கடைத்தெருவில் ஒரு பிரேம் கடையைக் கண்டுபிடித்தேன். ஒரு பக்கம் சாமி படங்கள், ஒரு பக்கம் அரபு எழுத்தில் குர்ஆன் வசனங்கள், நடுவில் கல்யாண ஜோடிகள். கடைக்காரரைப் போகிற வருகிறவர்கள் ரஸீன் நானா என்று கூப்பிட்டார்கள். முஸ்லிம் ஆண்களை இங்கே அண்ணன் என்கிற மாதிரி நானா என்கிறார்கள். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"ஆரு மௌத்தாப் போனது?"

"யாரும் போகலைங்க. உசுரோட இருக்காரு. இந்நேரம் பெரியாஸ்பத்திரில ஆபரேசன் நடக்குது" என்றேன். நடந்ததை எல்லாம் உளறிக் கொட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. வேலைக்கு எடுத்து வைத்திருந்த ஒரு கல்யாணப் படத்தை நகர்த்திவிட்டு, முத்தையாவை மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்தார். "அவரு கண் முழிக்க முந்தி இத இல்லாமாக்கிருவோம். நீங்க அந்தப் பக்கம் பிடிங்க" என்றார்.

மாலையின் நூலை வெட்டி, சந்தனச் சீவலை ஒரு டின்னில் கொட்டினார். அலமாரியில் வைத்தால் பூச்சி வராதாம். பொட்டைத் துணியால் துடைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். பட்டைதான் வம்பு பண்ணியது. மதுரைக் கடைக்காரர் மாலையைச் சும்மா கொடுத்தாலும் பசையில் கஞ்சத்தனம் பண்ணவில்லை. பிளேடால் சுரண்டினார். 'தோற்றம்' பொருக்காக எழும்பி வந்துவிட்டது. 'மறைவு' அசையவில்லை.

மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, என் கையிலும் ஒரு பிளேடைக் கொடுத்தார். இரண்டு பேரும் குனிந்து சுரண்டினோம். அவர் வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டிருந்தார். நான் மீனாட்சியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளர் ஒருவர் வந்து நின்றார். "பொறுங்க, ஒரு அவசர வேல" என்றார் நானா, நிமிராமல். வந்தவர் பட்டையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துகொண்டார்.

போன் அடித்தபோது கடைசி எழுத்தின் வால் மட்டும் மீதி இருந்தது.

"அக்கா" என்றாள் சசிகலா. அழுகிறாள். "வெளிய கொண்டு வந்துட்டாங்கக்கா."

மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"கண்ணு முழிச்சிட்டாரு. கட்டிய முழுசா எடுத்துட்டாங்களாம். பார்வைக்கு மோசமான கட்டியா தெரியலன்னு டாக்டர் சொன்னாரு, ஆனாலும் சோதனைக்கு அனுப்பியிருக்காங்க. அம்மாவப் பாத்து, சாப்டியான்னு கேட்டாருக்கா."

நான் அந்தக் கடையிலேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இல்லை. ரஸீன் நானா "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அப்புறம் பிளேடை எடுத்து, மிச்சமிருந்த வாலைச் சுரண்டத் தொடங்கினார். ஏன் இன்னும் என்று கேட்டேன். "ஒட்டு நின்டா தூசி பிடிக்கும்" என்றார்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில், சட்டம் கழற்றிய படத்தைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். முத்தையா மெலிந்து, போர்வைக்குள் பாதியாகக் கிடந்தார். கண் மட்டும் பழைய கண். சசிகலா எல்லாவற்றையும் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தாள்.

"மாலையெல்லாம் போட்டு என்னய பஸ்ஸுல கூட்டிட்டு வந்தீங்களாமே தங்கச்சி" என்றார். சிரிப்பு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "சிரிக்க வைக்காதீங்க. தையலு பிரிஞ்சிரும்."

நான் படத்தை அவர் முன்னால் பிடித்தேன். வெகுநேரம் பார்த்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்களவர் எழுந்து வந்து அவரும் பார்த்தார், படத்தின் கையையும் கட்டிலில் கிடந்த கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முத்தையாவின் வலது கை போர்வைக்கு வெளியே வந்து, மணிக்கட்டு லேசாகத் திரும்பியது.

"கை அசையிதுதான்" என்றார். "நின்னும் பாக்க முடியுது. நல்லாத்தான் அடிச்சிருக்கேன் போல."

இதைக் கேட்பதற்காகத்தான் நான் கடல் தாண்டி வந்தேன். ஆனால் என் கண் லெட்சுமி அக்கா மேல்தான் இருந்தது. கட்டிலின் கால்மாட்டில் நின்றார். படத்தைப் பார்க்கவும் இல்லை, பார்க்காமலும் இல்லை.

"ஊட்டுல மாட்டிருவமா?" என்று அவரிடம் கேட்டார் முத்தையா.

"எங்க மாட்டுறது?" என்றார் அக்கா. "கெழக்க சாமி இருக்கு. தெக்குச் செவுத்துல ஒங்க ஆயி அப்பன். உசுரோட இருக்கவங்க படம் நம்ம ஊட்டுல எங்க இருக்கு? கல்யாண போட்டோ மட்டுந்தான் இருக்கு. அதுல ரெண்டு பேரு இருக்கோம்." பிறகு, முந்தாநாளுக்கு அப்புறம் முதல்முறையாக, என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "ஒத்தையில இருந்தாத்தானே அது செத்தவரு படம். என்னையும் பக்கத்துல போட்டு விட்டுருங்க. அப்ப மாட்டலாம்."

முத்தையா என்னைப் பார்த்தார். நான் முத்தையாவைப் பார்த்தேன். கலை விமர்சகர்கள் யாராவது இருந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள். முடிந்த படத்தைத் தொடுவதில்லை என்ற என் விரதமும் அன்றோடு போயிற்று. படத்தின் இடது பக்கம் வெறும் இருட்டாக விட்டிருந்தேன். அந்த இருட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. "போட்டுடறேங்க" என்றேன்.

சாயங்காலம் நானும் அக்காவும் மடுல்சீமைக்குத் திரும்பினோம். மண் அள்ளி, பாதை சரியாகிவிட்டிருந்தது. பஸ்ஸில் பாட்டு முழுச் சத்தத்தில் ஓடியது, யாரும் நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

அடுத்த நாள் காலையில் அவர் பச்சைச் சேலை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தார். கொழுந்துக்குப் போகிற வழியில் பெண்கள் வாசலில் நின்று கேலி செய்தார்கள். "லெட்சுமி, ஒனக்கும் குச்சி குடுக்கச் சொல்லு" என்றாள் ஒருத்தி. அக்கா முறைத்தார், ஆனால் உள்ளூரச் சிரித்தார்.

முத்தையா அடிப்பதைப் பார்க்கிற மாதிரி அக்காவை உட்கார வைத்தேன். முகம் கல்லாக இருந்தது. கொஞ்சம் அவர் பக்கம் பாருங்கள் என்றேன்.

"எனக்கு அப்பிடிப் பாத்துப் பழக்கமில்லையே" என்றார். "சாவுக்கு அடிக்கிறப்ப ஆம்பளைங்க முன்னால போயிருவாங்க. திருவிழாவுல காமன் கூத்து ஆடுனாலும் நாங்க பின்னாலதான். பிள்ளைகளுக்கு சோறாக்கணும்னு பாதியிலயே வந்துருவேன். இந்த அடுப்புக்கிட்ட இருந்துதான் கேப்பேன். எத்தன தப்பு அடிச்சாலும் இவரு அடிக்கிறது எனக்குத் தனியா கேக்கும். கை ஓஞ்சிருந்தா தெரியும். பசிக்கிதுன்னாக்கூட தெரியும். அப்ப ஒலை வைப்பேன்."

இத்தனை வருடமாக வாசிக்கிறவர்களின் கன்னத்தையும் விரலையும் வரைந்திருக்கிறேன். கேட்கிறவர்கள் பக்கம் நான் திரும்பியதே இல்லை. அக்காவை எழுப்பி அடுப்படிப் பலகையில் உட்கார வைத்தேன். கதவுக்கு முதுகு காட்டி, தலையை இலேசாகச் சாய்த்து, எப்போதும் கேட்கிற மாதிரி உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தார். நான் வண்ணம் குழைக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் அவருடைய விரல்கள் பலகையில் எதையோ தட்டிக்கொண்டிருந்தன. அவருக்கு அது தெரியவில்லை. சொன்னால் நின்றுவிடும் என்று நான் வாயைத் திறக்கவில்லை. மலையும் பிள்ளைகளும் கோழிகளும் சத்தமிட்டன. அவர் அதையெல்லாம் கேட்கவில்லை.

முகத்துக்கு வந்தபோது கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து அவர் இப்படிச் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். அடுப்பைத் துடைத்திருப்பார், கொழுந்தெடுத்திருப்பார், பஸ் பிடித்து ஓடியிருப்பார். நான் தூரிகையைக் கீழே வைத்தேன். வேண்டுமானால் அப்புறம் போடலாம் என்றேன்.

அவர் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, தலையை முன்போலவே சாய்த்து வைத்தார்.

"இல்ல, போடுங்க. அழுத மூஞ்சியா மட்டும் போட்டுறாதீங்க தங்கச்சி" என்றார். "அவரு வந்து பாக்கணும்."